பழைய பிளாப்பி, ஜிப், எம்ஓ டிஸ்குகளின் கொள்ளளவை அலகு மாற்றிக் கணக்கிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1.44 எம்பி பிளாப்பியில் எத்தனை பைட் என்று கேட்டால் ஒருவர் 14,40,000 என்பார். இன்னொருவர் 1.44ஐ 10,48,576ஆல் பெருக்கி 15,09,949 சொச்சம் என்பார். இரண்டுமே தவறு. சரியான விடை 14,74,560.

பழைய டிஸ்குகளை நகலெடுத்துப் பட்டியல் போடும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் வழுக்குவது இந்த இடத்தில்தான். அவர்கள் கணக்கில் மோசம் இல்லை. லேபிளில் இருக்கும் எண்ணை நம்பி அதிலிருந்தே பெருக்கத் தொடங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். கீழே உள்ள எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றே: எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குப் போனாலும் முதலில் பைட்டுக்கு இறங்க வேண்டும், அப்புறம்தான் வேண்டிய அலகுக்கு ஏற வேண்டும். பைட் எண்ணிக்கையை லேபிளிலிருந்து எடுக்காமல் செக்டர் (டிஸ்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டு) கணக்கிலிருந்து எடுக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

விரிதாள் ஒன்று வேண்டும். கைபேசிக் கால்குலேட்டரில் சில, பெரிய எண் வந்ததும் கடைசி இலக்கங்களை விழுங்கிவிட்டுச் சுருக்கிக் காட்டும். நமக்குக் கடைசி இலக்கம் வரை வேண்டும். ஒரு டிஸ்க் சரியாக நகலானதா என்று பார்ப்பதே அந்த இலக்கங்களை வைத்துத்தான்.

டிஸ்கும் கையில் இருக்க வேண்டும், குறைந்தது அதன் இரு பக்கப் படமாவது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு போதாது. பெட்டி ஒன்றும் உள்ளே இருக்கும் டிஸ்க் வேறொன்றுமாக இருப்பது சர்வ சாதாரணம்.

காற்புள்ளி விஷயத்தையும் இப்போதே பேசிவிடலாம். கணினித் திரை பெரும்பாலும் 1,474,560 என்று மூன்று மூன்றாகப் பிரிக்கும். நாம் 14,74,560 என்று எழுதுவோம். இரண்டையும் கலந்து கையால் தட்டச்சு செய்யும்போது ஒரு இலக்கம் தொலைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். விரிதாளில் காற்புள்ளியே இல்லாமல் வெறும் இலக்கங்களாகப் போடுங்கள்.

2. அலகுகளின் பெயரைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் பாதி வழியில் எந்த எண் எந்த வகை என்று மறந்துவிடும்.

ஆயிரத்தின் வரிசை: கிலோபைட் 1,000 பைட், மெகாபைட் 10,00,000 பைட், ஜிகாபைட் 100,00,00,000 பைட். ஆயிரத்து இருபத்து நான்கின் வரிசை: கிபிபைட் 1,024 பைட், மெபிபைட் 10,48,576 பைட், ஜிபிபைட் 107,37,41,824 பைட். இந்தக் கிபி, மெபி பெயர்களைச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல்தான் கொண்டுவந்தது. நம் கையில் இருக்கும் டிஸ்குகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை, அல்லது அந்தப் பெயர்களைக் கண்டுகொள்ளாதவை. அவற்றின் லேபிளில் இருக்கும் 'எம்பி' எந்த வரிசை என்று லேபிளே சொல்லாது.

போதாதற்கு மூன்றாவது ஒன்றும் உண்டு: 1,000ஐ 1,024ஆல் பெருக்கிய 10,24,000 பைட். இதை நான் 'கலப்பு எம்பி' என்று குறித்துக்கொள்வேன். 1.44 எம்பி பிளாப்பியில் இருப்பது இந்தக் கலப்புதான். 1,440 கிபிபைட்டை யாரோ ஆயிரத்தால் வகுத்து 1.44 என்று எழுதிவிட்டார்கள். பைட்டை ஒருமுறை 1,024ஆலும் அடுத்தமுறை 1,000ஆலும் வகுத்தால் இரண்டு வரிசைக்கும் சேராத எண்தான் வரும்.

இந்த வழிகாட்டியில் 'எம்பி' என்று வந்தால் அது லேபிளில் இருப்பது, பொருள் உறுதியில்லாதது. 'மெகாபைட்', 'மெபிபைட்' என்று வந்தால் அவை மேலே சொன்ன துல்லியமான அளவுகள். உங்கள் விரிதாளிலும் இப்படிப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரு வரிசைகளுக்கும் உள்ள இடைவெளி கிலோ அளவில் 2.4 சதவீதம், மெகாவில் சுமார் 4.9, ஜிகாவில் சுமார் 7.4. ஒற்றைப் பிளாப்பியில் உறுத்தாது, பெட்டி பெட்டியாகக் கூட்டும்போதுதான் கடிக்கும்.

3. கையில் இருப்பது எந்த டிஸ்க் என்று உறுதிசெய்யுங்கள்

மூன்றரை அங்குல டிஸ்கில் எழுத்துத் தடைத் துளைக்கு (டிஸ்கில் எதையும் எழுத முடியாமல் தடுக்கும் துளை) எதிர்மூலையைப் பாருங்கள். அங்கே துளை இல்லையென்றால் டிடி (இரட்டை அடர்த்தி) வகை. இருந்தால் எச்டி (உயர் அடர்த்தி). துளை இருந்தும் வழக்கமான இடத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்தால் 2.88 எம்பி இடி (மிகை அடர்த்தி) வகை. (பட்டியலில் 'இடி டிஸ்க்' என்று எழுதினால் படிப்பவர் மின்னலையும் தேடுவார். அதனால் நான் 2880 என்றே எழுதுகிறேன்.)

அடுத்து, லேபிளில் அச்சான எண். எச்டி டிஸ்குகள் சிலவற்றில் '2 எம்பி' என்றும், டிடி டிஸ்குகளில் '1 எம்பி' என்றும் இருக்கும். புதியவர்கள் இதை அப்படியே கொள்ளளவாகப் போட்டுவிடுகிறார்கள். இது ஃபார்மேட் செய்வதற்கு (டிஸ்கைச் செக்டர்களாகப் பிரிப்பதற்கு) முந்தைய அளவு. எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது: எச்டி டிஸ்க் நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 0.2 வினாடி. தரவு வேகம் வினாடிக்கு 5,00,000 பிட். ஒரு சுற்றில் 1,00,000 பிட், எட்டால் வகுத்தால் 12,500 பைட். 80 ட்ராக் (தரவு எழுதப்படும் வட்டப் பாதை), 2 பக்கம், மொத்தம் 160 சுற்றுகள்: 20,00,000 பைட். சுத்தமான 2 மெகாபைட். டிடி வகையில் வேகம் பாதி, எனவே 10,00,000 பைட்.

இதில் செக்டர்களுக்கு இடையிலான வெற்றிடம், செக்டர் முகவரி, பிழைச் சரிபார்ப்பு எல்லாம் அடங்கும். நீங்கள் எழுதும் தரவுக்கு அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஆகவே ஃபார்மேட்டுக்கு முந்தைய எண்ணை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

டிஸ்க் வகை தெரிந்தால் மட்டும் போதாது, எந்தக் கணினியில் எழுதப்பட்டது என்றும் தெரிய வேண்டும். ஒரே டிடி டிஸ்க் ஐபிஎம் வகைக் கணினியில் 720, பழைய மெகின்டாஷில் 800, அமிகாவில் 880 கிபிபைட்டாக ஃபார்மேட் ஆகும். பிளாஸ்டிக்கும் காந்தப் பூச்சும் ஒன்றே, எழுதிய விதம்தான் வேறு.

4. வடிவியலைப் பெருக்கிப் பைட்டுக்கு வாருங்கள்

சூத்திரம் எளிது: ட்ராக் × பக்கம் × ஒரு ட்ராக்கின் செக்டர்கள் × ஒரு செக்டரின் பைட்.

மூன்றரை அங்குல எச்டி: 80 × 2 × 18 × 512 = 14,74,560.
மூன்றரை அங்குல டிடி: 80 × 2 × 9 × 512 = 7,37,280.
மூன்றரை அங்குல 2880: 80 × 2 × 36 × 512 = 29,49,120.
ஐந்தேகால் அங்குல எச்டி: 80 × 2 × 15 × 512 = 12,28,800.
ஐந்தேகால் அங்குல டிடி: 40 × 2 × 9 × 512 = 3,68,640.
அமிகா டிடி: 80 × 2 × 11 × 512 = 9,01,120.
எட்டு அங்குலம், ஐபிஎம் 3740 வகை: 77 × 1 × 26 × 128 = 2,56,256.

கடைசி வரியில் செக்டர் 128 பைட் என்பதைக் கவனியுங்கள். செக்டர் என்றாலே 512 என்று கை தானாகப் போட்டுவிடும், அதுதான் ஆபத்து. ஜப்பானில் புழங்கிய பிசி-98 கணினிகளின் டிஸ்கில் 77 × 2 × 8 × 1,024 = 12,61,568 பைட். பார்வைக்குச் சாதாரண எச்டி டிஸ்க்தான், ஆனால் ட்ராக், செக்டர் எண்ணிக்கை, செக்டர் அளவு மூன்றுமே வேறு.

அடிக்கடி நடக்கும் இன்னொரு பிழை, கடைசி ட்ராக்கின் எண்ணை ட்ராக் எண்ணிக்கையாக எடுப்பது. ட்ராக்குகள் 0இலிருந்து 79 வரை எண்ணப்படும், செக்டர்கள் 1இலிருந்து 18 வரை. கருவி 'கடைசி ட்ராக் 79' என்று காட்டியதும் சிலர் 79ஆல் பெருக்கிவிடுவார்கள், 18,432 பைட் காணாமல் போகும். உங்கள் விடை சரியான அளவைவிட 18,432 குறைந்தால் காரணம் இதுதான்.

சில டிஸ்குகளுக்குப் பெருக்கலே உதவாது, கூட்டத்தான் வேண்டும். வெளி ட்ராக்குகளின் சுற்றளவு அதிகம் என்பதால் அங்கே கூடுதல் செக்டர்களை வைத்தார்கள். பழைய மெகின்டாஷ் டிஸ்கில் ஒரு பக்கத்தின் 80 ட்ராக்குகள் பதினாறு பதினாறாக ஐந்து மண்டலங்கள்: 12, 11, 10, 9, 8 செக்டர்கள். கூட்டினால் 50, அதைப் பதினாறால் பெருக்கினால் 800 செக்டர், 512ஆல் பெருக்கினால் ஒரு பக்கத்துக்கு 4,09,600 பைட். கமடோர் கணினிகளின் 1541 டிரைவில் எழுதிய டிஸ்கில் 17 ட்ராக்குகளில் 21 செக்டர், அடுத்த 7இல் 19, அடுத்த 6இல் 18, கடைசி 5இல் 17. மொத்தம் 683 செக்டர், ஒவ்வொன்றும் 256 பைட்: 1,74,848. இங்கே சராசரி எடுத்துக் குறுக்குவழி தேடினால் பின்னம்தான் மிஞ்சும்.

5. ஜிப், எல்எஸ்-120, எம்ஓ: கார்ட்ரிட்ஜ்களுக்கு வேறு வழி

இவை மூன்றும் சாதாரணப் பிளாப்பியைவிடப் பல மடங்கு கொள்ளும் டிஸ்குகள். எம்ஓ என்பது காந்தமும் லேசர் ஒளியும் சேர்ந்து எழுதும் வகை. இவற்றுக்கு ட்ராக் கணக்கு போட்டுப் பயன் இல்லை. டிரைவ் தன் மொத்தச் செக்டர் எண்ணிக்கையைக் கணினியிடம் சொல்லும், அதை எடுத்துச் செக்டர் அளவால் பெருக்குங்கள்.

ஜிப் 100: 1,96,608 செக்டர் × 512 = 10,06,63,296 பைட். ஆயிரத்தின் வரிசையில் 100.66 மெகாபைட், மற்ற வரிசையில் மிகச் சரியாக 96 மெபிபைட். '100 எம்பி டிஸ்கில் 96தான் காட்டுகிறது, டிஸ்க் போய்விட்டதா?' என்று என்னிடம் கேட்காத புதியவர் குறைவு. ஒன்றும் போகவில்லை, அலகுதான் மாறியிருக்கிறது.

எல்எஸ்-120: 2,46,528 × 512 = 12,62,22,336 பைட். இது 120.375 மெபிபைட், 126.2 மெகாபைட். அதாவது ஜிப்பின் பெயர் ஆயிரத்தின் வரிசைக்குப் பொருந்துகிறது, எல்எஸ்-120இன் பெயர் மற்ற வரிசைக்குப் பொருந்துகிறது. இரண்டும் ஒரே காலத்தில் ஒன்றோடொன்று போட்டியிட்டவை. பெயரை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் 20 சதவீதம், பைட்டை வைத்து ஒப்பிட்டால் 25 சதவீதத்துக்கும் மேல்.

மூன்றரை அங்குல எம்ஓ 230: 4,46,325 × 512 = 22,85,18,400 பைட், அதாவது 228.5 மெகாபைட். எம்ஓ 640இல் செக்டர் அளவே மாறுகிறது: 3,10,352 × 2,048 = 63,56,00,896. பழக்கத்தில் 512 போட்டால் கால் பங்குதான் வரும். விடை 159 மெகாபைட் பக்கம் வந்து நின்றால் செக்டர் அளவைத் திரும்பப் பாருங்கள்.

6. பைட்டிலிருந்து வேண்டிய அலகுக்கு ஏறுங்கள்

பைட் எண் கிடைத்தபின் மிச்சம் வெறும் வகுத்தல். 14,74,560 பைட் என்பது 1,474.56 கிலோபைட், 1,440 கிபிபைட், 1.47456 மெகாபைட், 1.40625 மெபிபைட். கலப்பு எம்பியில் மட்டும்தான் 1.44.

தசமத்தை நடுவில் வெட்டாதீர்கள். 1.40625ஐ 1.41 என்று சுருக்கி 500 டிஸ்குக்குப் பெருக்கினால் 705 மெபிபைட் வரும், உண்மையில் 703.125தான். கடைசி விடையை எழுதும்போது மட்டும் சுருக்குங்கள்.

சுருக்கும் திசையையும் யோசிக்க வேண்டும். எவ்வளவு இடம் வாங்க வேண்டும் என்ற கேள்வி என்றால் மேலே சுருக்குங்கள். இருக்கும் இடத்தில் எத்தனை டிஸ்க் அடங்கும் என்றால் கீழே.

அந்த 703.125 எங்கோ பார்த்த எண்ணாகத் தோன்றுகிறதா? 80 நிமிடத் தரவுக் குறுந்தட்டில் 3,60,000 செக்டர், ஒவ்வொன்றிலும் 2,048 பைட்: 73,72,80,000. இது 500 எச்டி பிளாப்பிகளின் பைட் எண்ணிக்கையேதான், 720 வகை (மூன்றரை அங்குல டிடி) என்றால் சரியாக ஆயிரம். வெறும் தற்செயல். ஆனாலும் உங்கள் விரிதாள் சூத்திரங்களைச் சோதித்துப் பார்க்க இதைவிட வசதியான எண் கிடைக்காது.

7. கோப்புகளுக்குக் கிடைக்கும் இடத்தைத் தனியே கணக்கிடுங்கள்

டிஸ்கின் அளவு வேறு, அதில் வைக்கக்கூடிய கோப்புகளின் அளவு வேறு. டாஸ் (பழைய ஐபிஎம் வகைக் கணினிகளின் இயக்கமுறை) வகை எச்டி பிளாப்பியில் மொத்தம் 2,880 செக்டர். அதில் பூட் செக்டர் 1. ஃபேட் அட்டவணை (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு) 9 செக்டர், இரண்டு பிரதி என்பதால் 18. மூலக் கோப்பகத்தில் 224 பதிவுகள், ஒன்றுக்கு 32 பைட், ஆக 14 செக்டர். மொத்தம் 33 போனால் மீதி 2,847 செக்டர், 14,57,664 பைட். காலியான பிளாப்பியைச் செருகினால் திரையில் வரும் எண் இதுதான், 14,74,560 அல்ல.

இதே முறையில் 720 டிஸ்கில் 7,30,112, ஐந்தேகால் அங்குல 1.2 எம்பியில் 12,13,952, ஐந்தேகால் அங்குல டிடியில் (360 கிபிபைட்) 3,62,496 பைட் கிடைக்கும்.

அதிலும் கோப்புகள் முழு கிளஸ்டராகத்தான் (கோப்புக்கு ஒதுக்கக்கூடிய மிகச் சிறிய இடம்) இடம் பிடிக்கும். எச்டி பிளாப்பியில் கிளஸ்டர் 512 பைட், 720 டிஸ்கில் 1,024. நூறு பைட் உள்ள கோப்புகள் நூறு இருந்தால் உள்ளடக்கம் 10,000 பைட்தான். எச்டியில் அவை 51,200 பைட் பிடிக்கும், 720இல் 1,02,400. கோப்பு அளவுகளைக் கூட்டி 'அடங்கும்' என்று சொல்வதற்கு முன் ஒவ்வொன்றையும் கிளஸ்டருக்கு மேலே சுருக்கிக் கூட்டுங்கள்.

கமடோர் டிஸ்கில் 683இல் 664 செக்டர்தான் கோப்புகளுக்கு. ஒவ்வொன்றிலும் 2 பைட் அடுத்த செக்டரின் முகவரிக்குப் போய்விடும். மீதி 254 பைட் வீதம் 1,68,656.

8. நகல் கோப்பின் அளவோடு ஒத்துப் பாருங்கள்

இதுவரை போட்ட கணக்கெல்லாம் இந்தப் படிக்காகத்தான். எச்டி டிஸ்கின் நேரடி நகல் (எல்லாச் செக்டர்களையும் வரிசையாக எழுதிய ஒரே கோப்பு) 14,74,560 பைட்டாக இருக்க வேண்டும். ஒரு பைட் கூடினாலும் குறைந்தாலும் ஏதோ நடந்திருக்கிறது.

ஒத்துப் பார்க்கும்போது திரையில் வரும் மெகாபைட் எண்ணைப் பார்க்காதீர்கள். விண்டோஸ் 1,024ஆல் வகுத்துவிட்டு எம்பி என்றே எழுதும். மேக் ஓஎஸ் 2009இல் வந்த 10.6 பதிப்பிலிருந்து 1,000ஆல் வகுக்கிறது. ஒரே நகல் இரண்டு கணினியில் இரண்டு அளவு காட்டும். கோப்பின் பண்புகளில் பைட் எண்ணிக்கை முழுதாக இருக்கும், அதை மட்டும் எடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் 'டிஸ்கில் பிடிக்கும் அளவு' வேறு எண், அதைத் தொடாதீர்கள்.

அளவு சற்றுக் கூடுதலாக இருந்தால் அந்த டிஸ்கின் செக்டர் அளவால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி வந்தால் பெரும்பாலும் கோப்பின் தலையிலோ வாலிலோ கூடுதல் தகவல் ஒட்டியிருக்கிறது. அடாரி கணினி டிஸ்கின் ஏடிஆர் வகை நகல் 92,176 பைட் இருக்கும்: 720 × 128 = 92,160, தலைப்பு 16. கமடோரின் டி64 வகை நகல் 1,74,848க்குப் பதில் 1,75,531 என்றால் செக்டருக்கு ஒரு பிழைக் குறியீடு வீதம் 683 பைட் சேர்ந்திருக்கிறது. இரண்டுமே நல்ல நகல்கள்தான், அழித்துவிடாதீர்கள்.

எல்லாவற்றிலும் ஏமாற்றும் எண் 7,37,280. இது 720 டிஸ்கின் முழு அளவு. எச்டி டிஸ்கில் ஒரே ஒரு பக்கம் படிக்கப்பட்டாலும் 80 × 18 × 512, அதே 7,37,280தான். அளவை மட்டும் பார்த்து 'சரி, இது 720 டிஸ்க்' என்று அடுத்ததற்குப் போய்விட்டு, பாதித் தரவு இல்லாத நகல்களை நான் நல்ல நகல்களோடு அடுக்கி வைத்திருக்கிறேன். மாதங்கள் கழித்து ஒரு கோப்பைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

தப்பிக்க வழி உண்டு. டாஸ் டிஸ்கின் பூட் செக்டரில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 24ஆவது பைட்டில் ஒரு ட்ராக்கின் செக்டர் எண்ணிக்கை இருக்கும். அங்கே 9 இருந்தால் 720 டிஸ்க். 18 இருந்தால் நகல் பாதிதான், திரும்ப எடுங்கள்.

9. கலந்த பெட்டி முழுவதற்கும் ஒரு கணக்கு

எச்டி 130, டிடி 45, ஐந்தேகால் எச்டி 22, ஐந்தேகால் டிடி 14, ஜிப் 100 ஆறு, எம்ஓ 230 இரண்டு. நகல்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

130 × 14,74,560 = 19,16,92,800
45 × 7,37,280 = 3,31,77,600
22 × 12,28,800 = 2,70,33,600
14 × 3,68,640 = 51,60,960
6 × 10,06,63,296 = 60,39,79,776
2 × 22,85,18,400 = 45,70,36,800

கூட்டினால் 131,80,81,536 பைட். 1.318 ஜிகாபைட், 1.2276 ஜிபிபைட்.

லேபிள் எண்களையே கூட்டியிருந்தால் 1,311.04 எம்பி. அதை மெகாபைட் என்று எடுத்துக்கொண்டால் 70,41,536 பைட் குறையும், கிட்டத்தட்ட ஐந்து எச்டி பிளாப்பி வெளியே நிற்கும். மெபிபைட் என்று எடுத்தால் 5.6 கோடி பைட்டுக்கும் மேல் கூடுதலாக வரும்.

விரிதாளில் ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு வரி: டிஸ்கின் எண், லேபிளில் இருப்பது அப்படியே, செக்டர் எண்ணிக்கை, செக்டர் அளவு, பெருக்கி வந்த பைட், நகல் கோப்பின் பைட், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். மெகாபைட், மெபிபைட் பத்திகளைச் சூத்திரமாக மட்டும் வையுங்கள், கையால் நிரப்பாதீர்கள். காந்தத் துடிப்புகளையே பதிவுசெய்யும் நகல்கள் எடுக்கிறீர்கள் என்றால் அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே பிளாப்பி பல மெகாபைட் பிடிக்கும், அதுவும் டிஸ்குக்கு டிஸ்க் மாறும். அவற்றை வேறு தாளில் போட்டு, உண்மையான கோப்பு அளவையே கூட்டுங்கள்.